ஒட்டுகிற தோசைக்கல்லும் எங்கள் இணையக் கடையும்

“கல்லு ஒட்டுது. சுரண்டிச் சுரண்டி கை வலிக்குது. காசு வேஸ்ட்.”

எங்கள் கடையின் 12 அங்குல வார்ப்பிரும்புத் தோசைக்கல்லுக்குத் திருப்பூரிலிருந்து வந்த ரிவ்யூ இது. இரண்டு நட்சத்திரம். பொங்கல் முடிந்த வாரம் வந்தது. அன்று ராத்திரி எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

மதுரையில் வெண்கலக் கடைத் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் மாமனார் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். இரும்புச் சட்டி, தோசைக்கல், பணியாரக்கல், ஆப்பச்சட்டி, மானாமதுரை மண்சட்டி இதெல்லாம்தான் சரக்கு. கடை அவருடையது, இணைய விற்பனை என்னுடையது. தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸில், இணையக் கடைக்கான வூகாமர்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு நடத்துகிறேன். சரக்கு நல்ல சரக்கு, பார்சலும் ஒழுங்காகப் போகிறது. ஆனால் கூகுளில் தேடுகிறவர்கள் கண்ணில் நாங்கள் படவே இல்லை. எங்கள் பெயரைத் தட்டித் தேடினால்தான் வருவோம். பெயர் தெரிந்தவர்கள் ஏற்கெனவே கடைக்கு வந்தவர்கள், அவர்களுக்குக் கூகுள் தேவையில்லை.

அந்த ரிவ்யூவை அழித்துவிடலாம் என்று மவுஸைக் கொண்டுபோய்விட்டேன். மாமா எட்டிப் பார்த்தார்.

“அழிக்காதம்மா. நேர்ல வந்து ‘ஒட்டுது’ன்னா என்ன செய்வோம்? உக்கார வச்சு எப்படிப் பழக்குறதுன்னு சொல்லித்தானே அனுப்புவோம்? அங்கயும் அதையே சொல்லு.”

அந்த ஒரு பேச்சிலிருந்துதான் வேலை தொடங்கியது. சித்திரைத் திருவிழா வரைக்கும் ஓடியது. என்ன செய்தேன், எங்கே தப்புச் செய்தேன், எது பலித்தது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். சின்னக் கடை நடத்துகிற யாருக்காவது உதவும்.

முதலில் கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்தேன். எந்தச் சொற்களைத் தேடியபோது நம் பக்கம் தெரிந்தது, எத்தனை பேர் அழுத்தி உள்ளே வந்தார்கள் என்று 16 மாதக் கணக்கு அதில் கிடைக்கும். இலவசம்தான். தோசைக்கல் பக்கத்தை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். மக்கள் தேடியது தோசைக்கல், இரும்பு தோசைக்கல், பழக்கின தோசைக்கல், தோசைக்கல் ஒட்டாமல் இருக்க என்று. பாதிப் பேர் தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார்கள். நாங்கள் இதற்கெல்லாம் ஐந்தாம் பக்கம், ஆறாம் பக்கத்தில் கிடந்தோம்.

சரி, நம் பக்கத்தில் என்னதான் எழுதியிருக்கிறோம் என்று பார்த்தேன். தலைப்பு: ‘பிரீமியம் காஸ்ட் அயர்ன் தவா’. கீழே சப்ளையர் அனுப்பிய ஆங்கில விவரம், ஒரு எழுத்து மாறாமல். அதே விவரத்தை அதே சப்ளையரிடம் வாங்குகிற மற்றக் கடைகளும் போட்டிருந்தன. நான் எழுதிய பகுதியில் ‘தோசைக்கல்’ என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. கல் விற்கிற பக்கத்தில் கல் என்ற சொல்லே இல்லை!

ஆனால் அதே பக்கத்தின் அடியில் 37 ரிவ்யூ இருந்தது. அதில் எழுதியவர்கள் ஒருவர்கூடத் தவா என்று சொல்லவில்லை. கல்லு, தோசக்கல், இரும்புக்கல்லு என்றுதான் எழுதியிருந்தார்கள். தேடுகிறவர்கள் எந்தச் சொல்லைத் தட்டினார்களோ அதே சொல். அப்படியிருந்தும் கூகுள் ஏன் எங்களைக் காட்டவில்லை?

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை போதும். ஒரு ரிவ்யூவிலிருந்து, “மூணாவது நாள்ல இருந்து முறுவலா வருது” என்ற வரியை நகலெடுத்தேன். பக்கத்தின் மூல நிரலை, அதாவது பக்கத்துக்குப் பின்னால் இருக்கிற கணினி எழுத்தைத் திறந்து அந்த வரியைத் தேடினேன். இல்லை. சர்ச் கன்சோலில் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷன் என்று ஒரு வசதி உண்டு. அதில் நம் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து நேரடிச் சோதனை ஓட்டினால், கூகுளின் கண்ணுக்கு அந்தப் பக்கம் எப்படித் தெரிகிறது என்று காட்டும். அங்கேயும் தேடினேன். இல்லவே இல்லை.

காரணம், நாங்கள் ரிவ்யூவுக்காகப் போட்டிருந்த பிளக்இன், அதாவது தளத்தோடு சேர்த்துக்கொள்கிற கூடுதல் மென்பொருள். அது ரிவ்யூக்களைத் தன் சர்வரில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் ‘ரிவ்யூக்களைப் பார்க்க’ பட்டனை அழுத்தினால்தான் கொண்டுவந்து காட்டும். கூகுளின் நிரல் பக்கத்தைப் படிக்கும், பக்கத்தை இயக்குகிற ஜாவாஸ்கிரிப்ட் நிரலையும் ஓட்டிப் பார்க்கும், ஆனால் நம்மைப் போலப் பட்டனை அழுத்தாது. அழுத்தாவிட்டால் அந்த 37 பேர் எழுதியதும் அதற்குக் கிடையாது. ரிவ்யூ ஒரு டேபுக்குள், அதாவது அழுத்தினால் திறக்கிற பகுதிக்குள், மறைந்திருப்பது வேறு விஷயம். நிரலில் ஏற்கெனவே இருந்தால் டேபுக்குள் இருந்தாலும் கூகுள் படித்துவிடும். அழுத்திய பிறகுதான் வெளியிலிருந்து வருகிறது என்றால்தான் சிக்கல்.

பிளக்இன்னைக் கழற்றிவிட்டு வூகாமர்ஸிலேயே இருக்கிற ரிவ்யூ வசதிக்கு மாறினேன். பழைய ரிவ்யூக்களைக் கோப்பாக இறக்கி, எழுதிய தேதி மாறாமல், நட்சத்திரம் மாறாமல், எழுத்துப்பிழை உட்பட அப்படியே ஏற்றினேன். இங்கே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். ரிவ்யூ எல்லாம் வந்துவிட்டது, சராசரி மட்டும் பூஜ்யம் என்று நின்றது. வூகாமர்ஸ் சராசரியையும் எண்ணிக்கையையும் ஒவ்வொரு பொருளுக்கும் தனியாகச் சேமித்து வைக்கிறது, நேரடியாக ஏற்றினால் அது தானாக மாறாது. ஒவ்வொரு பொருளிலும் ஏதாவது ஒரு ரிவ்யூவை நிறுத்திவைத்து, மறுபடி அனுமதி கொடுத்ததும் கணக்கைத் திரும்பப் போட்டுக்கொண்டது. அதைத் தெரிந்துகொள்வதற்குள் இரண்டு ராத்திரி போய்விட்டது.

வூகாமர்ஸ் அமைப்பில் இன்னொன்றையும் இயக்கினேன். உண்மையிலேயே எங்களிடம் வாங்கியவர் எழுதிய ரிவ்யூவுக்குப் பக்கத்தில் அதைக் காட்டும் அடையாளம் வரும்படி செய்யலாம். ஆர்டர் போட்ட மின்னஞ்சலை வைத்து அதுவே பொருத்திப் பார்க்கிறது. வாங்கியவர் மட்டுமே எழுதலாம் என்றும் பூட்டு போடலாம். நான் பூட்டவில்லை. மாமா கடையில் நேரில் வாங்கியவர்களும் எழுதட்டும் என்று விட்டுவைத்தேன்.

அடுத்தது நட்சத்திரம். தேடல் முடிவில் கடைப் பெயருக்குக் கீழே மஞ்சள் நட்சத்திரம் தெரியுமே, அது வரவேண்டுமென்றால் பக்கத்தின் நிரலில் ஸ்கீமா என்கிற குறிப்பு இருக்கவேண்டும். இது இன்ன பொருள், சராசரி இவ்வளவு, எழுதியவர்கள் இத்தனை பேர் என்று இயந்திரம் படிக்கிற மாதிரி எழுதி வைப்பதுதான் அது. வூகாமர்ஸ் அதைத் தானாகவே போடும். கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்டில் எங்கள் பக்கத்தைக் கொடுத்துப் பார்த்தபோது இரண்டு கோளாறு தெரிந்தது.

ஒன்று, தேடலில் பக்கம் மேலே வர உதவும் எஸ்இஓ பிளக்இன் ஒரு முறையும் வூகாமர்ஸ் ஒரு முறையும் ஒரே பொருளுக்குக் குறிப்பு எழுதியிருந்தன. ஒன்றில் ரிவ்யூ இருந்தது, மற்றொன்றில் இல்லை. பிளக்இன்னுடையதை அணைத்தேன். இரண்டாவதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. தளத்தை முதலில் வடிவமைத்துக் கொடுத்தவர் எல்லாப் பக்கத்தின் அடியிலும் எங்கள் கடைக்கு 4.9 நட்சத்திரம் என்று ஒரு குறிப்பை நிரந்தரமாக எழுதி வைத்திருந்தார். அந்த 4.9 எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. மண்சட்டிக்கும் அதே 4.9, தொடர்புப் பக்கத்துக்கும் அதே 4.9. ஒரு கடை தன்னைப் பற்றித் தன் தளத்திலேயே போட்டுக்கொள்கிற மதிப்பீட்டுக்கு நட்சத்திரம் காட்டுவதைக் கூகுள் 2019 செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டது. அதற்கு மேல், பக்கத்தில் படிக்கிறவருக்குத் தெரியாத ரிவ்யூவை நிரலில் மட்டும் எழுதி வைப்பது அவர்கள் விதிக்கு எதிரானது. அந்த வரியை அன்றைக்கே எடுத்துவிட்டேன். கடையில் இல்லாத சரக்கை போர்டில் எழுதிவைத்த மாதிரி இத்தனை நாள் அது இருந்திருக்கிறது.

நட்சத்திரம் தெரிவதால் மட்டும் பக்கம் மேலே ஏறிவிடாது. தெரிந்தால் கண் அங்கே போகும், அழுத்துகிறவர்கள் கூடுவார்கள், அவ்வளவுதான். குறிப்பு எல்லாம் சரியாக இருந்தாலும் காட்டுவதும் காட்டாததும் கூகுளின் இஷ்டம். எங்களுக்குச் சில பொருளுக்குச் சில வாரங்களில் வந்தது, சிலதுக்கு இன்னும் வரவில்லை.

இதெல்லாம் ஆணி அடிக்கிற வேலை. உண்மையான வேலை அப்புறம்தான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தையும் கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து உட்கார்ந்து, எல்லா ரிவ்யூவையும் சத்தமாகப் படித்தோம். நான் படிக்க, அத்தை கேட்டுக்கொண்டே ஏலக்காய் உரித்தார். ஒரே மாதிரி சொல் திரும்ப வந்தால் அதன் பக்கத்தில் கோடு போட்டேன். ஒட்டுது, துரு வருது, துடைச்சா கருப்பா வருது, கனமா இருக்கு, இண்டக்ஷன்ல வைக்கலாமா, பழக்கிக் கொடுப்பீங்களா. அதிகக் கோடு ‘ஒட்டுது’க்கும் ‘பழக்க’வுக்கும்தான். நான் பக்கத்தில் ‘சீசனிங்’ என்று எழுதியிருந்தேன். எழுதிய ஒருவர்கூட அந்தச் சொல்லைத் தொடவில்லை. எல்லாருக்கும் அது பழக்குவதுதான். அத்தை சொன்னார், “கல்லப் பழக்குறதுன்னுதான் சொல்லுவோம். மாட்டப் பழக்குற மாதிரி. பொறுமையா இருந்தா நம்ம சொன்ன பேச்சு கேக்கும்.”

அந்த வாரமே புதுக் கல் ஒன்றை உறையிலிருந்து எடுத்து, அத்தை பழக்குவதை நாளுக்கு நாள் செல்போனில் படம் எடுத்தேன். முதல் நாள், தொழிற்சாலையில் துரு பிடிக்காமல் இருக்கத் தடவி அனுப்புகிற எண்ணெய் போகும்வரை வெந்நீரில் தேய்த்துக் கழுவினார். துணியில் துடைத்தால் கருப்பு வருகிறது என்று பயந்து எழுதியிருந்தார்களே, அந்தக் கருப்பு இங்கேதான் வந்தது, இரண்டு மூன்று கழுவலில் குறைந்தது. அப்புறம் ராத்திரி முழுக்க வடிகஞ்சியில் ஊறப்போட்டார். காலையில் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் காய்ந்ததும் நல்லெண்ணெய் தடவி, லேசாகப் புகை வரும்வரை காய்ச்சி அணைத்தார். இதையே நாலு நாள். எண்ணெயை மெல்லிசாகத் தடவவேண்டும் என்பதை அத்தை மூன்று முறை சொன்னார். மெல்லிசான எண்ணெய் சூட்டில் இறுகி, இரும்போடு ஒட்டிய ஒரு படலமாக மாறுகிறது. மாவு ஒட்டாமல் காப்பது அந்தப் படலம்தான். ஊற்றிவிட்டால் பிசுபிசு என்று நிற்கும். ஐந்தாம் நாள் பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி எண்ணெயில் தொட்டுக் கல் முழுக்கத் தேய்த்து, முதல் தோசை ஊற்றினார். ஓரம் ஒட்டியது. இரண்டாவதும் கொஞ்சம் ஒட்டியது. மூன்றாவது தோசை, கரண்டியை நுழைத்ததும் முழுசாக எழுந்து வந்தது. அந்த மூன்று தோசையின் படத்தையும் போட்டேன், ஒட்டியதையும் சேர்த்து.

பக்கத்தை முழுக்கத் தமிழில் திரும்ப எழுதினேன். தலைப்பு ‘இரும்பு தோசைக்கல், 12 அங்குலம், வார்ப்பிரும்பு’. ‘காஸ்ட் அயர்ன் தவா’வையும் கீழே ஒரு வரியில் வைத்துக்கொண்டேன், அப்படித் தேடுகிறவர்களும் உண்டு. ‘புதுக் கல் ஒட்டுது, என்ன செய்வது?’, ‘துரு வந்தால்?’, ‘இண்டக்ஷனில் வைக்கலாமா?’ என்று அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே சின்னத் தலைப்பு போட்டுப் பதில் எழுதினேன். இரும்பு காந்தத்தில் ஒட்டும், அதனால் இண்டக்ஷனில் சூடாகும், ஆனால் எடுத்தவுடன் அதிகச் சூட்டில் வைக்கக்கூடாது என்பது மாதிரி. எடை இரண்டரைக் கிலோவுக்குக் குறையாது, ஒரு கையால் தூக்க முடியாதவர்கள் 10 அங்குலம் வாங்குங்கள் என்றும் எழுதினேன். விற்பனை கெடுமோ என்று மாமா ஒரு நிமிடம் யோசித்தார், அப்புறம் “உண்மைதானே, போடு” என்றார். இந்தக் கேள்வி பதில்கள் தேடல் முடிவிலேயே விரிந்து தெரியும் வசதியைக் கூகுள் 2023 ஆகஸ்டில் அரசு, மருத்துவத் தளங்கள் தவிர மற்றவர்களுக்கு எடுத்துவிட்டது. அதற்காக இதை எழுதாமல் விடக்கூடாது என்பது என் எண்ணம். படிக்க வருகிறவருக்குப் பதில் வேண்டுமே.

ரிவ்யூ கேட்கிற விதத்தையும் மாற்றவேண்டியிருந்தது. பார்சல் போய்ச் சேர்ந்த அன்றே வாட்ஸ்அப்பில் ‘எங்களுக்கு 5 நட்சத்திரம் கொடுங்கள்’ என்று தானாக ஒரு செய்தி போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு அவர் கல்லை உறையிலிருந்தே எடுத்திருக்க மாட்டார். அதனால்தான் வந்ததில் பல ‘சூப்பர்’, ‘நைஸ்’, ‘குட்’ என்று ஒற்றைச் சொல்லோடு நின்றன. அதை வைத்துக் கூகுளும் ஒன்றும் புரிந்துகொள்ளாது, வாங்க வருகிறவரும் ஒன்றும் தெரிந்துகொள்ள மாட்டார். இப்போது 15 நாள் கழித்துத்தான் செய்தி போகிறது. நட்சத்திரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. “கல் பழகிவிட்டதா? முதல் வாரம் ஒட்டியதா? கேஸ் அடுப்பா, இண்டக்ஷனா? உங்கள் அனுபவத்தை இந்த இணைப்பில் எழுதினால் அடுத்து வாங்குகிறவர்களுக்கு உதவும்.” இவ்வளவுதான். திருப்தியாக இருக்கிறவர்களுக்கு மட்டும் அனுப்புவதில்லை, வாங்கிய எல்லாருக்கும் போகிறது. எழுதினால் தள்ளுபடி என்றும் சொல்வதில்லை.

கேள்வியை மாற்றியதும் பதிலே மாறிப்போனது. இதைப் படியுங்கள்: “கொத்துமல்லித் தோசை ஊத்துனேன், முதல் நாள் ஒட்டுச்சு. வெங்காயம் தேச்சு மறுநாள் ஊத்துனேன், சரியாயிடுச்சு. கேஸ் அடுப்பு சின்ன பர்னர்ல ஓரம் சூடாகல, பெரிய பர்னர்ல வைங்க.” சின்ன பர்னர் விஷயம் எனக்கே அதுவரை தெரியாது. அதையும் பக்கத்தில் சேர்த்தேன்.

போடியிலிருந்து ஒரு பாட்டி எழுதத் தெரியாது என்று குரல்செய்தி அனுப்பினார். “ஏம்மா, நீ குடுத்த கல்லு நல்லாருக்கு. நான் அம்பது வருசமா கல்லுல ஊத்துறவ. இது எங்க ஆத்தா வச்சிருந்த கல்லு மாதிரி சத்தம் வருது, மாவு ஊத்துனா.” அதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. நானே தட்டச்சு செய்து பாட்டி பெயரில் போட்டுவிட்டேன். அதே கையோடு வாட்ஸ்அப்பில் வந்த இன்னும் இரண்டு பாராட்டையும் அப்படியே ஏற்றினேன். இரண்டு நாள் மனசு உறுத்தியது. வார்த்தை அவர்களுடையதுதான், ஆனால் கடைக்காரி கையால் வந்த ரிவ்யூ எது, வாங்கியவர் கையால் வந்தது எது என்று படிக்கிறவர் எப்படிப் பிரிப்பார்? இணைய ரிவ்யூக்களுக்கென்று நம் நாட்டிலேயே ஐஎஸ் 19000:2022 என்று ஒரு தரநிலை 2022 நவம்பரில் வந்திருக்கிறது. ரிவ்யூ எழுதியவர் உண்மையானவர்தானா என்று பார்ப்பது, காசு கொடுத்தோ கடை ஆட்களை வைத்தோ எழுதாமல் இருப்பது, நல்லதை மட்டும் பொறுக்கிப் போடாமல் இருப்பது என்று அது பேசுகிறது. மூன்றையும் எடுத்துவிட்டு, பாட்டிக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அந்த வாரமே அவர் பேத்தி இணைப்பைத் திறந்து, பாட்டி சொல்லச் சொல்லத் தானே எழுதினாள். “சத்தம் வருது” என்ற வரி அதிலும் இருந்தது.

இதற்கு நடுவே ஒரு ஆள் போன் செய்து, ஒரு ரிவ்யூவுக்கு இவ்வளவு என்று விலை சொல்லி, நூறு ரிவ்யூ எழுதித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். கல்லே வாங்காதவர் ஒட்டியதா இல்லையா என்று எப்படி எழுதுவார்?

திருப்பூர் அக்காவுக்கு நானே போன் செய்தேன். தினமும் சோப்புப் போட்டுக் கம்பி நாரால் தேய்த்துக் கழுவியிருக்கிறார். பழகுகிற படலம் தினமும் போயிருக்கிறது. அத்தையிடமே போனைக் கொடுத்தேன், இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். அவருடைய ரிவ்யூவுக்குக் கீழே, “அக்கா, சோப்பும் கம்பி நாரும் வேண்டாம், வெந்நீரில் துணியால் துடைத்து, அடுப்பில் காயவைத்து எண்ணெய் தடவி வையுங்கள்” என்று பதில் போட்டேன். மூன்று வாரம் கழித்து அவர் இன்னொரு ரிவ்யூ எழுதினார், நாலு நட்சத்திரம். பழைய இரண்டு நட்சத்திரம் அங்கேயேதான் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதையும், பதிலையும், அப்புறம் வந்ததையும் சேர்த்தே படிக்கிறார்கள்.

கூகுள் மேப்பில் கடைக்கு வருகிற ரிவ்யூ தனிக் கணக்கு. அது பக்கத்தில் இருக்கிறவர்கள் பாத்திரக் கடை தேடும்போது உதவும். எண்ணிக்கையும் மதிப்பீடும் உள்ளூர்த் தேடலில் சேர்த்தி என்று கூகுளே சொல்கிறது. அதை மாமா பார்த்துக்கொள்கிறார். தினமும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறார்.

சித்திரைத் திருவிழாவில் தேரோட்டத்தன்று மாசி வீதிகளுக்குள் கூரியர் வண்டி நுழைய முடியாது. அன்று ஆர்டர் எதையும் அனுப்ப வழியில்லாததால் உட்கார்ந்து சர்ச் கன்சோலைப் பார்த்தேன். ‘தோசைக்கல் ஒட்டாமல் இருக்க’ என்று தேடினால் முதல் பக்கத்தில் வந்திருந்தோம். ‘புது தோசைக்கல் பழக்குவது எப்படி’ என்பதற்கும் அப்படியே. வெறுமனே ‘தோசைக்கல்’ என்று தேடினால் இன்னும் இரண்டாம் பக்கம்தான், அங்கே பெரிய பெரிய கடைகள் நிற்கின்றன. ரிவ்யூ கூகுளுக்குத் தெரிந்ததால் வந்ததா, பக்கத்தைத் திரும்ப எழுதியதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டையும் சேர்த்தே செய்தேன். ஆனால் ‘ஒட்டுது, திருப்பி எடுத்துக்கோங்க’ என்று வருகிற போன் குறைந்துவிட்டது, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

இப்போது மண்சட்டிப் பக்கத்தில் கை வைத்திருக்கிறேன். அதற்கு ஆறு ரிவ்யூதான், நாலில் ‘கசியுது’ என்றிருக்கிறது. புது மண்சட்டி கொஞ்சம் கசியும், பழக்கினால் நிற்கும் என்று அத்தை சொல்கிறார். எத்தனை நாள், எதில் ஊறவைப்பது என்பதை வனைகிறவர்கள் வாயாலேயே கேட்டு எழுதலாம் என்று வியாழக்கிழமை மானாமதுரைக்குப் போகிறேன். கசிகிறது என்று எழுதிய ஒரு அம்மாவிடம் கேட்டு, அவருடைய சட்டியின் படத்தையும் வாங்கி வைத்திருக்கிறேன், அவர்களிடம் காட்டுவதற்கு.